கோமதி சாத்தும் கேட்

“…வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். இன்னைக்கு ரெண்டு காலையும் உள்ள தூக்கி வச்சு உக்காந்துருவேன், பாத்துக்கிடுங்க” என்றாள் கோமதி.

வாடகைக் கார் வாசலில் நின்றிருந்தது. பின்கதவு திறந்தே கிடந்தது. பெட்டி டிக்கிக்குள் போய்விட்டது. இட்லிப்பொடியும் போர்வையும் வைத்த பை மட்டும் அவள் தோளில். விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. இந்தத் தெலுங்கு ஊரில், எங்கள் ஏ.எஸ்.ராவ் நகரில், அந்த நேரத்துக்குப் பால் வண்டியும் நாய்களும்தான் விழித்திருக்கும். அன்றைக்கு நாங்களும்.

எங்கள் கேட் விரியத் திறந்திருந்தது. அதைத் திறக்க அவள் பட்ட பாட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் நான் வெளியே வந்தேன். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் இருந்து எடுப்பதுபோல நகர்த்தி, அடியில் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேட்டை அவள் அவ்வளவு பதவிசாகத் தொட்டு நான் பார்த்ததில்லை.

மாடியில் அவள் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் தூங்கிக்கொண்டிருந்தார். பெங்களூருக்கு ரயிலேறும் மனைவியை ஸ்டேஷன் வரை வந்து ஏற்றிவிடுவதாகப் பேச்சு. ஐந்து மணிக்கு அலாரம். கார் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது.

“நீ மேல போயி ஒரு சத்தம் குடுத்துட்டு வா கண்ணு. நான் பையைப் புடிச்சுக்கறேன்” என்றேன்.

“இன்னைக்கு நான் எழுப்பினா, நாளைக்கு யாரு எழுப்புவாக்கா?”

விடியும் முன்னால் இப்படிக் கேள்வி கேட்பது திருநெல்வேலிக்காரர்களுக்கு வரும். நான் பொள்ளாச்சிக்காரி. ஒரு டம்ளர் காப்பி உள்ளே போகாமல் எங்களுக்குப் பதில் ஓடாது.

காரோட்டி வந்தவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி, “அம்மா, ஜல்தி. டைம் ஹோரா” என்றார்.

“ஹவ் பையா, ஹவ். அஞ்சு மணி அடிக்கட்டும்” என்று பாதி உருதும் பாதி தமிழுமாக அவரை அடக்கிவிட்டு, கோமதி மாடி ஜன்னலைப் பார்த்தாள்.

அந்த ஜன்னலில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அதற்குள் ஒரு குறுக்குப் பேச்சு. நான் முன்னால் எழுதிய ஊறுகாய்க் கதையைப் படித்த ஒரு வாசகி, “இந்த மாதிரி ஆட்கள் எல்லாம் உங்களுக்கு மட்டும் எங்கே கிடைக்கிறார்கள்?” என்று கேட்டிருந்தார். நான் யாரையும் தேடிப் போவதில்லை அம்மா. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்க முடியாமல் எதையாவது சொல்லிவிட்டுப் போகிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். ஜனங்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதவே வந்தேன்.

கேமரா இல்லாத செல்

எங்களுக்குக் கீழ் போர்ஷன், அவர்களுக்கு மாடி. இரண்டு வீட்டுக்கும் ஒரே கேட்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. கோமதி வடிவமைப்புப் பிரிவு. சங்கரலிங்கம் தரக்கட்டுப்பாடு. அதாவது அவள் பிரிவில் இருந்து வருவதில் அவர் குற்றம் கண்டுபிடிப்பார். அதற்கு அவருக்கு மாதச் சம்பளம். “வீட்டுல மட்டும் அதே வேலையைச் சும்மா பாக்காவொ” என்பாள் கோமதி.

அந்தத் தொழிற்சாலைக்குள் கேமரா வைத்த செல்போனைக் கொண்டுபோகக் கூடாது. எல்லாரும் வாசலில் பெட்டியில் போட்டுவிட்டு, சாயங்காலம் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வருவார்கள். சங்கரலிங்கத்துக்கு வரிசை ஆகாது. உலகம் முழுக்கத் தொடுதிரைக்குப் போன பிறகும் அவர் கேமரா இல்லாத பட்டன் செல்லோடு நின்றுவிட்டார். எண்கள் எல்லாம் தேய்ந்து போய், எந்தப் பட்டன் எது என்பது அவருடைய கட்டைவிரலுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

அவர்கள் மகள் நித்யா வாரங்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்கிற தலைமுறை. லீவுக்கு வரும்போதெல்லாம், “டாடி, ப்ளீஸ், தாந்நி மியூசியம்கி இச்சேயண்டி” என்பாள்.

“குடுக்கலாம். அங்க போயும் வேலை செய்யும். ஒன்னோடது ரெண்டு வருசம் தாங்குமாட்டி?” என்பார் அப்பா.

ராத்திரி படுக்கும் முன்னால் அந்தச் செல்லை அணைத்துவிடுவார். அதுவும் பல வருஷப் பழக்கம். “பகல் பூரா முழிச்சிருக்குல்லா. அதுவும் கொஞ்சம் தூங்கட்டும்.”

பஸ் படியில் தவம்

கம்பெனி பஸ் காலையில் தெருமுனையில் வந்து நிற்கும். அதற்கு முன்னால் தினமும் மாடியில் ஒரு கச்சேரி.

“ஏங்க, மணியாச்சு.”

“இந்தா எந்திரிச்சிட்டேன்.”

“எந்திரிச்சவொ ஏன் படுத்திருக்கிய?”

“கண்ணைத்தான மூடியிருக்கேன். நான் எந்திரிச்சாச்சு.”

குக்கர் விசிலுக்கும் டிபன் டப்பாவுக்கும் நடுவில் இது பல தடவை நடக்கும். கடைசியில் கோமதி கைப்பையை மாட்டிக்கொண்டு தடதடவென்று படியிறங்குவாள். கேட்டைச் சாத்துவாள்.

சாத்துவாள் என்று எழுதியது அக்கம்பக்க மரியாதைக்காக. அது கனத்த இரும்புக் கேட். கீல் துருப்பிடித்து, ‘க்ரீ…ச்’ என்று நம் பல்லையெல்லாம் கூச வைத்துவிட்டு, ‘டமார்’ என்று போய் முட்டும். கேட்டுக்கு நேர் மேலே அவர்கள் படுக்கையறை ஜன்னல். நேர் பக்கத்தில் எங்களுடையது.

முனையில் பஸ் வந்ததும் கோமதி ஒரு காலைப் படியில் வைப்பாள். இன்னொரு காலை ரோட்டிலேயே ஊன்றியிருப்பாள். ஆள் முழுசாக ஏறாமல் பஸ்ஸை எடுக்க முடியாதே. ஓட்டுநர் யாதகிரி, “மேடம், சார் வஸ்துன்னாரா லேதா?” என்பார். “வஸ்துன்னாரு, வஸ்துன்னாரு” என்று இவள் தெருவைப் பார்ப்பாள். வந்துகொண்டிருக்கிறார் என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டபடி, சீப்பை வாயில் கவ்விக்கொண்டு ஓர் உருவம் ஓடி வரும்.

அவர்களுக்குச் சங்கரன்கோவில் பக்கம். அந்த ஊர்க் கோவிலில் சங்கரலிங்க சுவாமியும் கோமதி அம்மனும். பெயரைப் பார்த்தே பாதிப் பொருத்தம் முடிந்துவிட்டதாம். ஒரு நாள் நான், “ஏன் கண்ணு, தெனம் இப்படி நிக்கறயே, காலு நோகாதா?” என்று கேட்டேன்.

“எங்க ஊருல அம்மனே ஒத்தக் கால்ல நின்னுதாம்க்கா தவம் இருந்தா. அவளுக்கு ஆடி மாசம் சாமி வந்து காட்சி குடுத்தாரு. எனக்கு வாரத்துல ஆறு நாளும் குடுக்காரு.”

கத்திரிக்காய் மாதிரி

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது கோமதிக்குப் பெங்களூர் பிரிவுக்கு மாற்றல் வந்தது, பதவி உயர்வோடு. முன்பொரு தடவை, நித்யா பத்தாவது படிக்கும்போது, இதே மாதிரி வந்ததை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள் அவள். இதையும் விட்டால் இனிமேல் அவளைக் கேட்கவே மாட்டார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சங்கரலிங்கம் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாடிப் பேச்சு எங்கள் பின்கட்டில் நன்றாகவே கேட்கும்.

“போகாதேன்னு சொல்லிருங்க. நான் போகல.”

“போகாதேன்னு சொல்லுததுக்கு நான் யாரு? ஒன் வேலை, ஒன் இஷ்டம். எனக்கு எந்திரிக்க வராதுங்கதைத்தான் சொல்லுதேன்.”

“அலாரம்னு ஒண்ணு இருக்கு உலகத்துல.”

“எனக்கு அலாரம் ஆகாது கோமதி. செல பேருக்குக் கத்திரிக்கா ஆகாதுல்லா, அது மாதிரி.”

மறுநாள் அவள் என் மிஷினுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“கேலி பேசுதாவொன்னு நெனைக்காதிய. அவ்வொளுக்குப் பயம். அதைச் சொல்லத் தெரியாம கத்திரிக்காயைச் சொல்லுதாவொ. நான் போன பெறகு எந்திரிக்காம, பஸ்ஸை விட்டுட்டு, சாப்பிடாம கெடந்தாவொன்னா எனக்கு அங்க வேலை ஓடுமா? எந்திரிக்க ஒரு வழி பண்ணிட்டா நான் போயிருவேன். இல்லன்னா இதையும் வேண்டாம்னுதான் எழுதிக் குடுக்கணும்.”

அன்றைக்கே அலாரப் பரிசோதனை ஆரம்பமாயிற்று. பரிசோதிக்கப்படும் ஆளே பரிசோதனை அதிகாரி என்பதுதான் அதில் சிக்கல்.

அந்தச் செல்லோடு கூடவே வந்த மணிச்சத்தத்தை முதலில் வைத்தார்கள். கட்டைவிரல் தூக்கத்திலேயே பட்டனைக் கண்டுபிடித்து அமுக்கிவிட்டது. அடுத்து, நினைவட்டையில் இருந்த நாதஸ்வரம். காதில் விழுந்ததும் கல்யாண வீட்டில் இருப்பதாகக் கனவு வந்துவிட்டதாம். “இலை போட்டாச்சு. பந்தியில உக்காந்த பெறகு எப்படி எந்திரிக்க?” என்று கேட்டார். நித்யா எங்கிருந்தோ ஆலைச் சங்குச் சத்தத்தை அனுப்பி வைத்தாள். “சங்கு ஊதினா வேலை முடிஞ்சதுன்னுல்லா அர்த்தம்” என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

கடைசியில் கோமதி தன் குரலையே பதிந்து வைத்தாள். மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கே கேட்டது. செல் “ஏங்க, மணியாச்சு” என்றது. அவர் செல்லிடம், “இந்தா எந்திரிச்சிட்டேன்” என்றார். செல் மறுபடியும் சொன்னது. அவரும் மறுபடியும் சொன்னார். இரண்டு பேருக்கும் நல்ல ஒத்துமை.

“ரிஜெக்டட்” என்றார் காப்பி குடித்தபடி.

சட்டைப்பையைத் தொட்ட ஆண்கள்

செல்லில் சொந்தச் சத்தம் வைப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. சனத்நகரில் எங்கள் தமிழ் ஆட்கள் சேர்ந்து வாராவாரம் பஜனை வைப்பார்கள். ஒரு நாள் எல்லாரும் கண்ணை மூடி உருகிக்கொண்டிருக்கும்போது, சபை நடுவில் இருந்து ஒரு பெண் குரல் அதட்டியது: “மாத்திரை போட்டீங்களா, இல்லையா?”

யாரோ ஒருவர் மனைவியின் குரலை அலாரமாக வைத்திருந்தார். வேடிக்கை அது இல்லை. அங்கே இருந்த ஆண்கள் அத்தனை பேரும் கண்ணை மூடியபடியே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மாத்திரையே சாப்பிடுவதில்லை. அவரும் தொட்டார்.

எங்கள் பின்தெருவில் ஒருத்தர் குழந்தை அழும் சத்தத்தை வைத்தார். அவர் எழுந்தாரோ இல்லையோ, பக்கத்து வீட்டு அம்மா கிரைப் வாட்டர் பாட்டிலோடு வந்து கதவைத் தட்டியதாகக் கேள்வி. அவர் அப்போது பிரம்மச்சாரி. அந்த அம்மா அதற்குப் பிறகு அவரைப் பார்த்த பார்வையை அவர் என்னிடம் நடித்தே காட்டியிருக்கிறார்.

கிரீஸ்

சரி, கேட்டுக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சனத்நகர் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. இரண்டாம் ஷிஃப்ட் வாரங்களில் வீடு வந்து படுக்கவே நேரமாகிவிடும். நல்ல தூக்கத்தில் இருக்கும்போது கோமதி கேட்டைச் சாத்துவாள். மனுஷர் எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பட்டறையில் இருந்து ஒரு டப்பா நிறையக் கிரீஸ் கொண்டுவந்தார்.

“ஏனுங்க, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?”

“கேட்டுக்கு எண்ணெ போடறதுக்கு யாரைக் கேக்கோணும்? நல்ல காரியந்தான?”

கீல் முழுக்க அப்பினார். தாழ்ப்பாளுக்கு ஒரு ரப்பர் துண்டு வேறு. அதற்குப் பிறகு அந்தக் கேட் பஞ்சு மாதிரி போய்வந்தது.

மறுநாள் கோமதி வழக்கம்போலக் கோபமாக வந்து சாத்தினாள். சத்தமே இல்லை. ஒரு நொடி கேட்டையே பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டதால் முனைக்கு ஓடினாள். பஸ் படியில் ஒரு காலோடு நின்று பார்த்தாள். யாரும் ஓடி வரவில்லை. யாதகிரி ஹாரன் மேல் கையை வைத்துவிட்டார். அன்றைக்கு அவள் மட்டும் போனாள்.

வெயில் ஏறின பிறகு சங்கரலிங்கம் லுங்கியோடு இறங்கி வந்தார்.

“அக்கா, கோமதி போயிட்டாளா?”

“அவ போயி எத்தன நேரமாச்சு.”

“கேட் சத்தமே கேக்கலையே” என்று சொன்னவர், சொன்ன வாயோடு நின்றுவிட்டார்.

அடுத்த நாளும் அதே கதை. கோமதி எழுப்பினாள், இவர் எழுந்துவிட்டதாகச் சொன்னார், பஸ் போய்விட்டது. அன்று அவர் இறங்கி வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து கீலைப் பார்த்தார். விரலால் தொட்டார். கிரீஸை மோந்து பார்த்தார். எங்கள் ஜன்னலைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று நின்றுபோனால், முந்தின நாள் எதை மாற்றினோம் என்று தேடுகிற வேலைதானே அவருக்கு.

இத்தனை வருஷமும் தன் குரலில்தான் அவர் எழுகிறார் என்று கோமதி நினைத்திருந்தாள். நாங்களும் நினைத்திருந்தோம். அவருமே அப்படித்தான் நினைத்திருப்பார். அந்தக் குரலுக்கு அவர் தூக்கத்திலேயே பதில் சொல்லிப் பழகிவிட்டார். அவள் கிளம்பிப் போகிறாள் என்று சொல்வது அந்தக் கேட்தான். அதற்குத்தான் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருக்கிறார்.

இது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் தெரிந்துவிட்டது. கோமதிக்குத் தெரியாது. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். எதுவுமே அவரை எழுப்பவில்லை, அவள் எங்கேயும் போகப்போவதில்லை.

விரலில் கிரீஸோடு ரொம்ப நேரம் நின்றார். பிறகு லுங்கியில் துடைத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு வராத வேலை. அந்த வாரக் கடைசி வரைக்கும் அதைச் செய்தேன். ஒரு பாவாடைக்கு இரண்டு பக்கமும் நாடா வைத்துத் தைத்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவம் பத்தாது

ஞாயிற்றுக்கிழமை காலையில் சரசரவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் சங்கரலிங்கம். வாளியில் சோப்புத்தூள் தண்ணீர், பக்கத்தில் மண்ணெண்ணெய், கையில் பழைய பல்விளக்கும் பிரஷ். கேட்டின் கீலை, ஆபரேஷன் செய்வதுபோல, தேய்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் துண்டு தனியாகப் பிடுங்கி வைக்கப்பட்டிருந்தது.

தூக்கக் கலக்கத்தோடு வந்த என் வீட்டுக்காரர், “சார், நல்லா இருக்கற கேட்டை ஏனுங்க கெடுக்கறீங்க?” என்றார் பாவமாக.

“கோமதி போற வரைக்கும் பொறுத்துக்கிடுங்க. பெறகு நீங்களே திரும்பப் போட்டு விட்ருங்க.”

மாடிப்படியில் துணி காயப்போட வந்த கோமதி அந்த வார்த்தையைக் கேட்டாள். ‘கோமதி போற வரைக்கும்.’ ஈரத்துணியைக் கொடியில் போடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு இறங்கி வந்தாள். நடந்ததை அவர் அலுவலகப் பாஷையில் விளக்கினார். “காரணம் தெரிஞ்சு போச்சு. எனக்கு அலாரம் ஆகாதுன்னு சொன்னது தப்பு. இந்தச் சத்தம் ஆகும்.”

கேட் பழைய மாதிரி கூச்சலிட ஆரம்பித்ததும் பதிவு. செல்லை மதில் மேல் வைத்து, அது நடுங்காமல் இருக்க அடியில் துண்டை மடித்துப் போட்டார். “ம், சாத்து.”

கோமதி சாத்தினாள்.

“இது விருந்தாளி சாத்துத மாதிரி இருக்கு. கோவம் பத்தாது.”

மறுபடியும் சாத்தினாள்.

“பலமா சாத்துத, ஆனா கோவம் வரல. பலம் வேற, கோவம் வேற.”

“சொன்னவொடனே கோவம் வாரதுக்கு நான் என்ன குழாயா?” என்று அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அன்றைக்கென்று பார்த்து அவளுக்குக் கோபமே வரவில்லை. கீல் தேய்த்துச் சிவந்திருந்த அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கரலிங்கம் செல்லைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: “ஒங்க அம்மை வைக்க புளிக்குழம்பு மாதிரியே இருக்கு ஒன் கோவம். உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல.”

க்ரீ…ச். டமார்.

எங்கள் மதிலே அதிர்ந்தது. கேட்டுக்கு வெளியே ரோட்டில் இருந்து கோமதியின் குரல் மட்டும் வந்தது. “எக்கேடும் கெடுங்க. நான் போறேன்.”

“அக்செப்டட்” என்றார் சங்கரலிங்கம்.

அதோடு முடியவில்லை. அந்தச் செல் தானே பதிந்த சத்தத்தைத் தானே அலாரமாக ஏற்க மறுத்தது. அலாரப் பட்டியலில் அது தென்படவே இல்லை. நித்யாவைக் கூப்பிட்டார்கள். “அம்மா, ஆ ஃபார்மேட் அலாரம் தீஸ்கோதும்மா. நாக்கு பம்பு” என்றாள். தனக்கு அனுப்பச் சொல்லி, வேறு வகையாக மாற்றி, கோமதியின் புதுச் செல்லுக்கு அனுப்பினாள். அங்கிருந்து ப்ளூடூத்தில் பழைய செல்லுக்கு. என் கட்டிங் மேஜை மேல் இரண்டு செல்லையும் எதிரெதிரே படுக்கப் போட்டுவிட்டு நாங்கள் சுற்றி நின்றோம். பெண் பார்க்கும் வீடு மாதிரி இருந்தது. வந்து சேர்ந்ததைத் தேடி எடுத்து, மணிச்சத்தங்கள் இருக்கும் இடத்துக்கு மாற்றியது அவருடைய கட்டைவிரல். நித்யா அந்தச் சத்தத்துக்கு ‘அம்மா கோபம்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

போட்டுப் பார்த்தார்கள். க்ரீச், டமார். கொஞ்சம் இடைவெளி விட்டு, தூரத்தில் இருந்து, “எக்கேடும் கெடுங்க. நான் போறேன்.”

“அந்தக் கடேசிப் பேச்சை வெட்டிருங்க, கேக்கவே நல்லால்ல” என்றாள் கோமதி.

“சாம்பிளை வெட்டக் கூடாது” என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் தோல்வி. ராத்திரி பழக்கதோஷத்தில் அவர் செல்லை அணைத்துவிட்டார். அணைத்திருந்தாலும் அந்தச் செல் சரியான நேரத்துக்கு அலாரம் அடிக்கும். ஆனால் அப்போது தன் சொந்தப் பீப் சத்தத்தில்தான் அடிக்கும், நாம் வைத்தது வராது. பீப்புக்கு அவர் எழுவாரா. அடுத்த நாளில் இருந்து அவர் கண்ணயர்ந்ததும் கோமதி எடுத்து மறுபடியும் உயிர் கொடுத்து வைத்தாள். அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தினமும் நடந்ததை அவள் சொல்லித்தான் கேட்டேன். கேட் சத்தம் வந்ததும் அடித்துப் பிடித்து எழுவார். சட்டையைத் தேடுவார். கூடத்துக்கு ஓடி வருவார். அங்கே அடுப்பு முன்னால் கோமதி நின்றிருப்பாள். பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம்.

“போகலையா?”

“இன்னும் இல்ல.”

அந்த வாரமே அவள் போவதாகப் பதில் கொடுத்துவிட்டாள்.

செங்கல் முட்டுக் கொடுத்த கேட்

ஆகவே, விடியப்போகிற அந்த நேரத்தில், வாடகைக் கார் பக்கத்தில் நானும் அவளும்.

“நேத்து நான் அந்தச் செல்லைத் தொடலக்கா” என்றாள் கோமதி, ஜன்னலில் இருந்து கண்ணை எடுக்காமல். “அணைச்சாவொளா, வச்சாவொளான்னு எட்டிக்கூடப் பாக்கல. இனிமே யாரு பாக்கப் போறா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவள் ஏன் கேட்டைத் தூக்கித் திறந்தாள், ஏன் கார்க்காரரை நிறுத்தி வைத்திருக்கிறாள் என்பது. பீப் சத்தம் கீழே வரைக்கும் கேட்காது. ஐந்து தாண்டி ஒன்றும் கேட்கவில்லை என்றால் அவர் அணைத்துவிட்டுத்தான் படுத்தார் என்று அர்த்தம்.

“அப்படி இருந்துட்டா என்ன பண்ணுவ?”

“ரயில்ல ஏறிருவேன். ஏறி உக்காந்து அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிருவேனோன்னுதான் பயமா இருக்கு.”

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது கை.

கார்க்காரர் செல்லைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார். “பாஞ்ச் ஹோ கயா, அம்மா.” மணி ஐந்து. எஞ்சினை ஓட விட்டார்.

மாடியில் இருட்டு. சத்தம் ஏதும் இல்லை. எங்கள் வீட்டுக்குள் என் வீட்டுக்காரர் இருமுவது கேட்டது.

கோமதி என் கையை ஒரு தடவை அழுத்தினாள். சொன்ன சொல் மாறாமல் காருக்குள் உட்கார்ந்தாள். முதலில் இடது காலை உள்ளே எடுத்தாள், பிறகு வலது காலை. சேலையை ஒதுக்கிக்கொண்டு, கதவைச் சாத்தக் கையை நீட்டினாள்.

க்ரீ…ச். டமார்.

கார்க்காரர் திடுக்கிட்டுத் திரும்பிக் கேட்டைப் பார்த்தார். கேட் செங்கல் முட்டுக் கொடுத்தபடி, அசையாமல், விரியத் திறந்தே கிடந்தது. “க்யா ஹுவா?” என்று என்னைப் பார்த்தார். நான் மேலே கையைக் காட்டினேன்.

இருட்டான ஜன்னலில் இருந்து கோமதியின் குரல் வந்தது. “எக்கேடும் கெடுங்க. நான் போறேன்.” காருக்குள் உட்கார்ந்தபடி கோமதி அதைக் கேட்டாள்.

மாடியில் விளக்கு எரிந்தது. எதுவோ தடுக்கி, எதுவோ உருண்டது. “இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்” என்ற குரல் அறையறையாக நகர்ந்தது.

“சலேங்கே, அம்மா?” என்று கிளம்பலாமா எனக் கேட்டார் கார்க்காரர்.

கோமதி கதவில் இருந்து கையை எடுத்தாள். வலது காலை வெளியே எடுத்து, ரோட்டில் ஊன்றிக்கொண்டாள்.